மருந்து இல்லை, சத்துதான்

என் மனைவி முதல் தடவை விழுந்தது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலையில், சாமி அலமாரிக்கு முன்னால். விளக்கு ஏற்றி, ஊதுபத்தி செருகி, இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினாள். மூடிய மறுகணம் வெட்டிய வாழை போலப் பக்கவாட்டில் சாய்ந்தாள். நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். ஓடிப்போய்த் தூக்குவதற்குள் அவளே கண்ணை அகலத் திறந்துகொண்டு தரையிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"யாருங்க தள்ளுனது?" என்று கேட்டாள்.

வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. மயக்கம் வந்ததா என்றேன், இல்லை என்றாள். தலை சுற்றியதா என்றேன், அதுவும் இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து விரலில் குத்திப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. "வெறும் வயித்துல இவ்வளவு நேரம் நின்னா இப்படித்தான்" என்று சத்தம் போட்டேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபமாகத்தான் வெளியே வரும். வேளாண்மைத் துறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். வரப்பில் நின்று விவசாயிகளைத் திட்டித் திட்டியே அந்தக் குணம் ஊறிப்போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகு திட்டுவதற்கு இவள் ஒருத்திதான் மிச்சம். அவளும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை.  அன்றைக்கோ, தான் நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் இருவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. கல்யாணத்தின்போது பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். பதினொன்றாவதாக இதுவும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு வந்து பதினைந்து வருஷம், அவளுக்குப் பன்னிரண்டு. சர்க்கரையோடு கொழுப்பும் சேர்ந்துகொண்டதால் இருவருக்கும் கொழுப்பு மாத்திரை. "உங்களுக்குக் கொழுப்பு பிறந்ததுலேருந்தே இருக்கு, எனக்குத்தான் புதுசு" என்பாள். அந்த மாத்திரை போட்டால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்பது அவளுடைய நெடுநாள் புகார். டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். அப்போதும் இழுத்தது. அவளுக்கு அந்த மாத்திரையே வேண்டாதபடி செய்துவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கைப்பேசியில் ஒரு கட்டுரை வந்தது. சர்க்கரை உள்ளவர்கள் துத்தநாகம் சாப்பிட்டால் சர்க்கரையோடு கொழுப்பும் இறங்கலாம் என்று அதில் போட்டிருந்தது. 'இறங்கலாம்' என்பதை நான் சரியாகப் படிக்கவில்லை. துத்தநாகம் என்ற சொல்லைத்தான் படித்தேன்.

எனக்கும் துத்தநாகத்துக்கும் அப்படி ஒரு பழக்கம். நட்டு மூன்று வாரமான பயிர், இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்து, வளராமல் குந்திக்கொண்டிருக்கும். விவசாயி பூச்சி என்பார், நோய் என்பார், பங்காளி வைத்த வினை என்றுகூடச் சொல்வார். நான் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஜிங்க் சல்பேட்டை மணலோட கலந்து தூவுங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். கொஞ்ச நாளில் வயல் பச்சை பிடித்துவிடும். என் வேலைக்காலம் முழுவதும் நான் கண்ணால் கண்ட ஒரே அற்புதம் அதுதான்.

சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் சொன்னேன். ஊருக்கு வந்த நண்பன் ஒருவனிடம் ஆறு புட்டி கொடுத்தனுப்பினான். நாளைக்கு ஒரு மாத்திரை என்று புட்டியில் போட்டிருந்தது. எனக்கு அது போதாது என்று பட்டது. டெல்டா மண்ணில் துத்தநாகம் பற்றாக்குறை. அந்த மண்ணில் விளைந்த அரிசியிலும் பற்றாக்குறை. அந்த அரிசியை ஐம்பத்தேழு வருஷம் மூன்று வேளையும் தின்ற உடம்பில் எவ்வளவு பற்றாக்குறை இருக்கும் என்று யோசித்தேன். வேளைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று என்று முடிவு செய்தேன். வேறு தொழில் பார்த்த எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. வைகாசி மாதம் இருவருமாக ஆரம்பித்தோம்.

ஆறு மாதம் கழித்து ரத்தம் பரிசோதித்தபோது அவளுடைய மொத்தக் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. சீட்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன். "ஆபீசர் சொன்னா பயிரே கேக்கும், நான் கேக்க மாட்டேனா?" என்றாள். கேலிதான். ஆனாலும் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதற்கடுத்த சோதனையில் இன்னும் இறங்கியது. மகனிடம் மேலும் புட்டிகள் கேட்டேன். அவள் சாமி அலமாரிக்கு முன்னால் விழுந்தது அதற்கு அடுத்த ஆடியில்.

பிறகு அடிக்கடி நடந்தது. குழாயடியில் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். உடனே முன்னால் சரிவாள். தலைக்கு எண்ணெய் வைக்கக் கண்ணை இடுக்கினாலும் அப்படியே. படுத்திருக்கும்போது ஒன்றும் இல்லை. நின்றுகொண்டு கண்ணை மூடினால் மட்டும் யாரோ தள்ளுகிறார்கள். "தள்ளக்கூட இல்லைங்க," என்று ஒரு நாள் திருத்திச் சொன்னாள். "காலுக்குக் கீழேருந்து தரையை உருவிக்கிற மாதிரி இருக்கு."

எங்கள் சர்க்கரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் உள்ளங்காலில் ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே கணுக்கால் வரை வந்தார். தெரியவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "சுகர் நரம்பைப் பாதிச்சிருக்கு. நான் எழுதிக் குடுத்ததைத் தவிர வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார். "இல்லைங்க டாக்டர்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். நாங்கள் பொய் சொல்லவில்லை. அவர் நரம்புக்கு ஊசி எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டோம், மூன்று வேளைத் துத்தநாகத்தையும் விடவில்லை.

எங்கள் தெருவில் சர்க்கரையால் காலை எடுத்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு முழங்கால் வரை. இவளுடைய கால் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அதன் பிறகு என் நினைப்பாக இருந்தது. காலையில் எழுந்ததும் அவள் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பேன், விரலிடுக்கைப் பார்ப்பேன். நான் தொடுவது அவளுக்குத் தெரியாது. எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாருடைய காலையோ கழுவிவிடுகிறவன் மாதிரி எனக்கு இருக்கும்.

வீட்டில் அவள் நடக்கும் ஓசை மாறியது. முப்பத்து நான்கு வருஷமாக அந்த ஓசையைக் கேட்டு வருகிறேன். சமையலறையிலிருந்து கொல்லைக்கு எத்தனை எட்டில் போவாள், கோபமாக இருந்தால் எப்படி ஊன்றுவாள் எல்லாம் எனக்குத் தெரியும். இப்போது காலை உயரத் தூக்கித் தொப்பென்று போட்டு நடந்தாள். தரை ஒரு சாண் கீழே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடப்பவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். கண் எப்போதும் பாதத்தின் மேலேயே. பகல் பன்னிரண்டு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது, உள்ளே வேறு யாரோ நடமாடுகிறார்கள் என்று தோன்றும். "ஏய்" என்று கூப்பிடுவேன். "என்னங்க" என்று அவள் குரல்தான் வரும்.

ஐப்பசியில் ஒரு பகல். வாய்க்கால் வரை போய்விட்டு வந்தவள், கொல்லைப்பக்கம் கால் கழுவாமல் நேரே உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பும்போது கூடத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, யாரு உள்ள வந்தது?"

பார்த்தேன். கொல்லைக் கதவிலிருந்து தண்ணீர்ப் பானை வரை தரையில் ரத்தக் கால்தடம். ஒரே கால். வலது கால் மட்டும் விழுந்து விழுந்து போயிருந்தது. ஒற்றைக் காலால் தத்திக்கொண்டு யாரோ வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அவள் பயத்தோடு அந்தத் தடத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் வலது பாதத்தைச் சுற்றி ரத்தம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. வாய்க்கால் கரையில் நத்தை ஓடு கிழித்திருக்கிறது. வலது செருப்பையும் காணோம். எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியாது.

"உன் காலுடி," என்றேன்.

குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயம் போகவில்லை.

காயம் ஆற ஒன்றரை மாதம் ஆனது. நானே கட்டுக் கட்டினேன். எதிர்வீட்டுப் பெண் வந்து உதவினாள். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள், முப்பத்தைந்து வயது இருக்கும், இவளை அக்கா என்பாள். அவள்தான் கார்த்திகை வெள்ளி ஒன்றில் இவளைப் பிடாரி கோயிலுக்கு உச்சிப் பூசைக்கு அழைத்துப் போனாள். பூசாரி கற்பூரம் காட்டியதும் எல்லோரும் கையெடுத்துக் கண்ணை மூடினார்கள். என் மனைவி நேரே கருவறையைப் பார்த்து முன்னால் சாய்ந்து படியில் விழுந்தாள். அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளி அவளைப் பார்ப்பதற்கென்றே பத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். கண்ணை மூடியதும் அவள் விழுந்தாள்.

ஊர் முடிவு செய்துவிட்டது. அம்மா அவள் மேல் இறங்குகிறாள், அந்தப் பாரம் தாங்காமல் சாய்கிறாள் என்றார்கள். வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. குங்குமமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து வைத்து, பெண்ணுக்கு வரன் எப்போது அமையும், மகனுக்கு விசா கிடைக்குமா என்று கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, எனக்குச் சுகரு" என்று இவள் சொல்வாள். அவர்கள் விடுவதில்லை. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு விளக்கு முன்னால் நிறுத்திக் கண்ணை மூடச் சொல்வார்கள். நான் கத்தி அனுப்பிவிடுவேன். "சார் வயலுக்குத்தான் ஆபீசரு, ஆத்தாளுக்கு இல்ல" என்று ஒருத்தி என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். எங்கள் வயல் அறுவடைக்கு ஆள் சொல்லி வைத்திருந்தோம். கதிரெல்லாம் முற்றித் தலைகுனிந்து நின்றது, வயல் காய்ந்து வெடித்திருந்தது, வானம் சுத்தமாக இருந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்து, நான் தடுப்பதற்குள் இவளைக் கண் மூட வைத்துவிட்டாள். சாய்ந்தவளை எதிர்வீட்டுப் பெண் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள். எப்போதும் உடனே கண்ணைத் திறந்துவிடுகிறவள் அன்று திறக்கவில்லை.

"தண்ணி நிக்குது," என்றாள். "கதிரு தண்ணியில கிடக்கு."

அது அவள் குரல்தான். ஆனால் யாருக்கும் சொல்லும் குரல் இல்லை. தனக்கே படித்துக் காட்டுகிறவள் மாதிரி சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்து, "காப்பி போடவா?" என்று வந்தவளிடம் கேட்டாள். என்ன சொன்னாய் என்று நான் உலுக்கிக் கேட்டபோது, ஒன்றும் சொல்லவில்லையே என்றாள்.

நான்காம் நாள் மழை பிடித்தது. தை மாதத்தில் அப்படி ஒரு மழை. இரண்டு நாளில் எங்கள் வயல் மட்டுமில்லை, கண்ணுக்கெட்டின மட்டும் கதிர் தண்ணீரில் படுத்துவிட்டது. காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தியே அவள் சொன்னதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. நான் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். எறும்பு மேட்டுக்கு ஏறியதைக் கவனித்திருப்பாள், காற்றின் வாடையில் தெரிந்திருக்கும், வயலோடு வாழ்ந்தவள்தானே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் உரம் போடாதே என்று ஊர் ஊராகப் பேசியவன், அந்த வாரம் ஒருவருக்கும் தெரியாமல் பிடாரி கோயிலுக்குப் போய், "அவ காலை மட்டும் விட்டுடு தாயே" என்று கேட்டுவிட்டு வந்தேன். கண்ணை மூடித்தான் கேட்டேன். நான் விழவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மாசியில் அவள் வெளுத்துப் போனாள். உதட்டில் நிறம் இல்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கை விரலிலும் உணர்ச்சி குறைந்து பாத்திரம் நழுவி நழுவி விழுந்தது. எதிர்வீட்டுப் பெண்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா வர்றது வரட்டும் சார். ரத்தம் எங்க போவுது? தஞ்சாவூருக்கு நரம்பு டாக்டர்ட்ட கொண்டுபோங்க" என்றாள்.

நரம்பு டாக்டருக்கு எங்கள் மகன் வயதுதான் இருக்கும். சின்னப் பெண். இவளைக் காலைச் சேர்த்து நிற்கச் சொன்னார். தானே பக்கத்தில் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "இப்ப கண்ணை மூடுங்கம்மா" என்றார். இவள் சாய்ந்தாள். டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"யாரோ தள்ளுறாங்க டாக்டர்."

"யாரும் தள்ளலம்மா. உங்க கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சேதி போகல. கண்ணால பாத்துப் பாத்துத்தான் நிக்கிறீங்க. கண்ணை மூடினா உங்களைப் பொறுத்தவரை கால் இல்ல."

பேய் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு திக்கென்று இருந்திருக்காது. இத்தனை நாள் அவள் கண்ணை மூடும்போதெல்லாம் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நின்றிருக்கிறாள்.

டாக்டர் ரத்தச் சோதனை முடிவுகளைப் பார்த்தார். சிவப்பணு குறைவு, வெள்ளையணுவும் குறைவு. சர்க்கரை மட்டும் இதைச் செய்யாது என்றார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"மருந்தை விடுங்கம்மா. மருந்து இல்லாம வேற என்ன சாப்பிடுறீங்க?"

 அது என்னுடைய கேள்வி. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பூச்சிக்கு அடிப்பது. உரமும் நுண்ணூட்டமும் மருந்து இல்லை, அது சத்து. கருகின வயலில் நின்று "என்ன மருந்து அடிச்சே?" என்று கேட்டால் விவசாயி ஒன்றும் அடிக்கவில்லை என்று சத்தியம் செய்வார். "மருந்தை விடுய்யா, வேற என்ன போட்டே?" என்று மறுபடி கேட்டால்தான், மூட்டை மூட்டையாகப் போட்டது வெளியே வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது அது: இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் வயலை விட்டு வராதே.

"சத்து மாத்திரைதான் டாக்டர்," என்றாள் என் மனைவி. "மூணு வேளையும். இவரு தருவாரு. ஜிங்க்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் ஆவப்போவுது."

 டாக்டர் என்னிடம் கொழுப்புச் சோதனைச் சீட்டுகளைக் கேட்டு வாங்கித் தேதிப்படி மேசையில் பரப்பினார்.

"மொத்தம் குறைஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டீங்களா சார்?"

"ஆமாங்க."

"குறைஞ்சது எதுன்னு பாத்தீங்களா?"

விரலை வைத்துக் காட்டினார். குறைந்ததெல்லாம் நல்ல கொழுப்பு. கெட்ட கொழுப்பு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ரத்தக்குழாயைக் காப்பது வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது, நான் மொத்தத்தைப் பார்த்துச் சீட்டை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"துத்தநாகம் கெட்டது இல்ல சார். குறைவா இருக்கிறவங்களுக்கு அளவாக் குடுத்தா நல்லதுதான். அளவு மீறி ரொம்ப நாள் போனா, குடல் தாமிரத்தை உள்ள விடாது. ரத்தம் ஊறவும் தாமிரம் வேணும், நரம்புக்கும் வேணும். தாமிரம் எவ்வளவு இருக்குன்னு பாத்துடுவோம்." என் முகத்தைப் பார்த்து, "புரியுதா சார்?" என்றார்.

புரியாமல் என்ன? ஒரு சத்தைக் கொட்டினால் இன்னொரு சத்தைப் பயிர் எடுக்காது என்பது வேளாண்மைக் கல்லூரியில் முதல் வருஷப் பாடம். 

அப்போதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "நீங்களும் சேந்து சாப்பிட்டீங்களா சார்? உங்களையும் டெஸ்ட் பண்ணிடுவோம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கவலைதான் இருந்தது, எனக்கும் ஏதாவது ஆகியிருக்குமோ என்று.

"இல்லைங்க," என்றேன். "நான் ரெண்டு வாரத்துல நிறுத்திட்டேன். வயித்தைக் குமட்டிச்சு."

 அவளுக்கும் ஆரம்பத்தில் குமட்டியது. என்னிடம் சொன்னாள். போகப் போகச் சரியாகிவிடும், நானும்தானே சாப்பிடுகிறேன் என்று சொல்லித்தான் அவளைப் பழக்கினேன். நான் நிறுத்திவிட்டதைச் சொன்னால் அவளும் நிறுத்திவிடுவாள் என்று சொல்லாமலே இருந்தேன். அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். இதை எத்தனை தடவை எழுதினாலும் நல்லதாகத் தெரியவில்லை.

தாமிரச் சோதனையின் முடிவு வர ஒரு வாரம் ஆனது. இருக்க வேண்டியதில் கொஞ்சம்கூட இல்லை. துத்தநாகத்தை நிறுத்தித் தாமிரம் கொடுத்தார்கள். ரத்தம் ஊறிவிடும், கால் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, இதற்கு மேல் போகாது என்று மட்டும் சொல்லலாம் என்றார் டாக்டர். காரில் ஊர் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். வெட்டாற்றைத் தாண்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அம்மா வரலியா?"

"இல்ல."

"நான் வந்தாங்கன்னுல்ல நெனச்சேன்," என்றாள். "பயமா இருந்தாலும், நம்மளத் தேடி வந்திருக்காங்களேன்னு இருந்துச்சு."

ஊரில் நானே எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். மாத்திரை செய்த வேலை என்றேன். என் தப்பு என்றும் சொன்னேன். பெரும்பாலும் தலையை ஆட்டினார்கள். குறி கேட்க வந்திருந்த ஒருத்தி மட்டும், "மாத்திரை தள்ளிவிட்டுச்சுங்கிறீங்க, சரி. தண்ணி நிக்கும்னு சொன்னது யாரு சார்?" என்று கேட்டாள்.  இப்போதும் தனியாக இருக்கும்போது 'தண்ணி நிக்குது' என்ற அந்தக் குரல் என் காதில் கேட்கிறது.

இரண்டு மாதத்தில் உதட்டில் நிறம் வந்தது, மூச்சு வாங்குவது நின்றது. கால் மெதுவாகத்தான். டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். சுவர் மூலையில் முதுகைக் கொடுத்துக் காலைச் சேர்த்து நிற்க வேண்டும். எதிரே ஒருவர் கை விரித்துக் காத்திருக்க, கண்ணை மூடி எத்தனை எண்ணிக்கை நிற்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். தினமும் செய்தால் காலுக்கு மறந்துபோனது கொஞ்சம் கொஞ்சமாக நினைவுக்கு வரலாம். இந்தத் தடவை 'வரலாம்' என்பதைச் சரியாகக் கேட்டுக்கொண்டேன்.

முதல் நாள் நான்தான் எதிரே நின்றேன். கையை விரித்துக்கொண்டு, "மூடு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். இமை பாதி வரை இறங்கியது, திறந்துகொண்டது. மறுபடி இறங்கியது, மறுபடி திறந்தது. மூன்றாவது தடவை இறங்கவே இல்லை.

"முடியலைங்க."

"கால் நிக்கலையா?"

"கால் இல்லைங்க," என்றாள். சண்டை போடும் குரல் இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி ஆறியிருப்பேன். தரையைப் பார்த்தபடி, "அவளக் கூப்பிடுங்க" என்றாள்.

எதிர்வீட்டுக்குப் போய் நானே கூப்பிட்டேன். அந்தப் பெண் வந்து எதிரே நின்றதும் என் மனைவி ஒரு மூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அங்கன்வாடியில் குழந்தைகளுக்குச் சொல்வது மாதிரி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவள் இழுத்து எண்ணினாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றில் சாய்ந்த சத்தம் கேட்டது, "புடிச்சிட்டேன்க்கா" என்ற சத்தமும் கேட்டது. தினமும் அப்படித்தான். காலை எட்டு மணிக்கு அவள் வருவாள், நான் சமையலறைக்குப் போய்விடுவேன். ஐந்து, ஏழு, பத்து என்று எண்ணிக்கை ஏறுவதை அங்கிருந்தே கேட்பேன். பதினாறு வந்த அன்று இருவரும் சிரித்தார்கள்.

சென்ற வாரம் எதிர்வீட்டுப் பெண் கூட்டம் ஒன்றுக்காகத் தஞ்சாவூர் போய்விட்டாள். எட்டு மணிக்கு என் மனைவி வழக்கம்போல் மூலையில் போய் நின்றாள். அவள் வரமாட்டாள் என்று சொன்னேன். பிறகு, "நான் நிக்கவா?" என்று கேட்டேன். ஒரு நாள் விட்டால் பின்னால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தது இருவருக்கும் தெரியும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்கு நடந்து வந்து உட்கார்ந்தாள். என் கையைத் தட்டிக்கூடக் கொடுத்தாள்.

"ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆயிடாதுங்க," என்றாள். "நாளைக்கு அவ வந்துடுவா."